விளக்குப் பிள்ளை

“அடிமை” என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு விடுவதா, பின்னால் விடுவதா என்பதுதான் அன்று காலை தனசேகரனுக்கு இருந்த பெரிய கவலை. கூடத்துக் கண்ணாடியின் முன் பனியனும் லுங்கியுமாக நின்று, இப்படியும் அப்படியும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி பவானிக்கு வேறு கவலை.

“இன்னிக்கே பொட்டு வச்சிடலாங்க. புள்ள வந்து ரெண்டு நாளாச்சு. வெறும் நெத்தியோட வீட்டுக்குள்ள நடமாடுது. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“மீட்டிங் முடியட்டும் பவானி. இன்னிக்கி நான் அங்க பேசப்போறதே இதப்பத்தித்தான். வீட்ல வெளக்கேத்தி வச்சிட்டு அங்க போயி எந்திரிச்சு நின்னு பேசினா நல்லாவா இருக்கும்?”

“அவங்க வைக்கிறது வேற, நாம வைக்கிறது வேற.”

“வேறதான். யாரு இல்லைன்னா? இருந்தாலும் முடியட்டும்.”

இருவருக்கும் நடுவே அம்சா தரையில் போர்வையை விரித்து அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கைதான் சட்டையில் இருந்தது, காது முழுவதும் இந்தப் பேச்சில். பொட்டுக்குக் காத்திருந்த பிள்ளை அவளுடைய தங்கை அனு.

பர்மாவில், யாங்கூன் நகரத்துத் தின்கன்ஜூனில் அவர்கள் இருந்த தெருவிலும் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களிலும் வசதியான தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நகரத்துக்கு வெளியே, மாவ்பி என்ற ஊருக்கு அப்பால் வயல் கூலிக்கு நிற்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவருவார்கள். நல்ல நாள் பார்த்துக் குத்துவிளக்கு ஏற்றி, அதன் முன் உட்காரவைத்து, வீட்டுத் தலைவர் நெற்றியில் குங்குமம் இட்டு, “இன்று முதல் நீ எங்கள் பிள்ளை” என்பார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பிள்ளை பாத்திரம் தேய்க்கும், துணி துவைக்கும், வந்தவர் போனவர் செருப்பை ஒழுங்காக வைக்கும். சம்பளம் என்று யாராவது வாயெடுத்தால் வீட்டுக்காரர்களுக்கு மெய்யாகவே மனம் புண்பட்டுவிடும். பிள்ளைக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா? இந்தக் குழந்தைகளுக்கு விளக்குப் பிள்ளை என்று பெயர். பெயர் வைப்பதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அம்சாவும் அப்படி ஒன்பது வயதில் வந்தவள். இப்போது இருபத்திரண்டு. அந்த வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை. தீபாவளிக்கு அவர்கள் மகள் ரூபாவுக்கு எடுக்கும்போது அவளுக்கும் இடுப்பில் கட்டப் புதுத் தமேனும் மேல்சட்டையும் தவறியதில்லை. தனசேகரனை அப்பா என்றும் பவானியை அம்மா என்றும்தான் கூப்பிடுவாள். காய்ச்சலில் கிடந்தபோது தனசேகரன் தானே தன் வெள்ளைக் காரில் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். இருந்தும் சில நாளாக அந்த வீட்டை விட்டுப் போகவேண்டும் என்ற நினைப்பு. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாளாவது தன் இஷ்டத்துக்கு எழுந்திருக்கவேண்டும், தன் கையில் வாங்கிய சம்பளத்தில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, அந்த மீன்சாற்று நூடுல்ஸ், வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

மிங்கலாடோன் பக்கம் ஒரு துணி பேக்டரியில் ஆள் எடுப்பதாக ஊர்க்காரப் பெண் ஒருத்தி கோயிலில் சொல்லக் கேட்டு, பயந்து பயந்து பவானியிடம் கேட்டாள். பவானி கோபிக்கவில்லை.

“போயேன். யாரு வேணாங்கறா? ஒனக்கும் வயசாகுது. ஒன் தங்கச்சிய வரச் சொல்லு, நீ கெளம்பு.”

அம்சா வாயைத் திறப்பதற்குள் பவானி மாவ்பிக்குப் போன் பண்ணிப் பேசி முடித்துவிட்டாள். அப்பன் பஸ்ஸில் கூட்டிவந்து அனுவை விட்டுவிட்டு, ஒரு வாய் சோறு சாப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். கன்னமெல்லாம் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, பத்து வயதுப் பெண், பட்டணம் பார்க்க வந்த குஷியில் இருந்தாள். தமிழ் புரியும், பேச்சு முழுக்கப் பர்மிய மொழி. அம்சாவை “மமா, மமா” என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வாலைப் பிடித்தே திரிந்தாள். தான் வெளியே போகிற வாசலில் அந்தக் குழந்தையை உள்ளே தள்ளிவிட்டுப் போகவேண்டும். அப்படிப் போவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் தனசேகரன் வாயிலிருந்து “அடிமை” என்ற சொல் வந்தது.

தனசேகரனுக்கு எலக்ட்ரிக் சாமான் கடை. கடையைவிடக் கட்சிதான் உயிர். இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கென்று நடந்துவந்த நலக் கட்சி என்ற சின்னக் கட்சிக்கு அவர் யாங்கூன் வட்டாரச் செயலாளர். அந்த வருஷக் கடைசியில் தேர்தல். வட்டாரச் சட்டமன்றத்துக்கு ஒரு இடமாவது பிடித்துவிடவேண்டும் என்பது கட்சியின் கனவு. ஓட்டு எண்ணிக்கை கூடட்டும் என்று அம்சாவுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கட்சித் தலைவர் பழனியப்பன் வீட்டில் ஒரு விளக்குப் பிள்ளையின் கையில் கொதிக்கும் எண்ணெய் பட்டு, ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப்போகாமல் மறைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டது முதல் அவருக்குத் தூக்கமில்லை. அது நடிப்பல்ல. கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. விளக்குப் பிள்ளை வழக்கத்தைக் கட்சி கண்டிக்கவேண்டும், ஒழிக்கவேண்டும், தேர்தல் அறிக்கையிலேயே போடவேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்.

தீர்மானம் நிறைவேறினால் செயலாளர் வீட்டிலேயே புதிதாக ஒரு பிள்ளைக்குப் பொட்டு வைக்க முடியுமா? அனு ஊருக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் போவாள். இந்தக் கணக்கு அம்சாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டையை அவ்வளவு ஆசையாக அவள் என்றுமே இஸ்திரி போட்டதில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டம். அம்சா காப்பி ஊற்றிக் கொடுக்கப் போயிருந்தாள். வேறு வீடுகளின் விளக்குப் பிள்ளைகளும் அங்கே தட்டோடு நின்றார்கள். தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தனசேகரன் நன்றாகத்தான் பேசினார். மூச்சும் சரியான இடத்தில் விட்டார். “சின்னக் கொழந்தைய வீட்ல வச்சு, சம்பளமில்லாம, படிப்பில்லாம வேல வாங்கறதுக்குப் பேரு தர்மமில்ல. அதுக்குப் பேரு அடிமைத்தனம்!” என்றார். பின்வரிசையில் சில இளைஞர்கள் கைதட்டினார்கள்.

பழனியப்பன் எழுந்தார். பெரிய அரிசி வியாபாரி, கட்சியின் செலவில் முக்கால்வாசி அவர் பையிலிருந்து போவது. குரலே உயரவில்லை.

“ஊர்ல சோத்துக்கில்லாத புள்ளைங்களுக்கு நாம சோறு போடறோம். இதப் போயி தேர்தல் நேரத்துல அறிக்கையில போட்டா, இந்தியாக்காரன் அடிமை வச்சிருக்கான்னு ஊர் பூரா பேசுவான். நம்ம வீட்டுக் குப்பைய நாமளே ரோட்டுல கொட்டணுமா தனசேகரா?”

“குப்பைன்னு நீங்களே ஒத்துக்கறீங்கல்ல?”

“சரி, அத விடு. ஒன் வீட்ல அம்சா இல்லியா? தோ நிக்குதே காப்பித் தட்டோட.”

மண்டபமே அம்சாவைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அம்சா என் மக!” என்று கத்தினார் தனசேகரன். “வெளக்கு முன்னால பொட்டு வச்சு ஏத்துக்கிட்ட மக!”

“அட, எங்க வீட்லயும் அப்படித்தானப்பா வச்சிருக்கு” என்றார் பழனியப்பன். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது.

பதில் இருந்தால் மனிதர்கள் பதில் சொல்வார்கள். இல்லாதபோதுதான் கட்சியை விட்டு வெளியேறுகிறார்கள். தனசேகரன் சட்டையில் குத்தியிருந்த கட்சிச் சின்னத்தைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். “இந்தக் கட்சியில இனிமே எனக்கு வேலையில்ல. மனசாட்சி இருக்கறவன் எங்கூட வா!” என்று கிளம்பினார். பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் போனார்கள். அம்சாவும் காப்பித் தட்டை அங்கேயே வைத்துவிட்டு அவர்கள் பின்னால் நடந்தாள். தெருவில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனபோது, இவர் உண்மையிலேயே என் அப்பாதான் என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக அவள் நடந்ததே இல்லை.

அந்த வாரம் வீடு கொள்ளாத கூட்டம். பிரிந்து வந்தவர்கள் காலையிலும் வந்தார்கள், மாலையிலும் வந்தார்கள். புதுக் கட்சிக்கு என்ன பெயர், கொடியில் என்ன நிறம், எந்தத் தொகுதியில் யார் என்று விவாதம். விவாதத்துக்கு டீ வேண்டும், டீயோடு பஜ்ஜி வேண்டும், நேரமானால் சோறு வேண்டும். அடிமைத்தனத்தை ஒழிக்க வந்தவர்களுக்கு அம்சா அந்த ஒரு வாரத்தில் ஆக்கிப்போட்டதைப் போல அதற்கு முன்னால் என்றுமே ஆக்கிப்போட்டதில்லை. அவள் முகம் கோணவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே.

அனுவை மட்டும் வேலையில் கைவைக்க விடவில்லை. “நீ தொடாத. நீ விருந்தாளி. ஞாயித்துக்கெழம புதுக் கட்சிக் கூட்டம் முடிஞ்சதும் ஊருக்குப் போகப்போற” என்றாள்.

“மமா, எனக்கு இங்கதான் புடிச்சிருக்கு. டிவி இருக்கு” என்றது குழந்தை பர்மிய மொழியில்.

பவானி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்சா கடைக்குப் போய்த் திரும்பியபோது அனு குந்தியிருந்து டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கிளாஸ் உடைந்து விரலில் இரத்தம்.

“என்னம்மா இது?”

“என்ன என்ன? நீதான் பேக்டரிக்குப் போறியே, புள்ள பழக வேணாமா?” என்றாள் பவானி. “மெதுவாக் கழுவுன்னு சொன்னேன், கேக்கல. நீயும் மொதல்ல எத்தன ஒடச்சே, மறந்துபோச்சா?”

“அப்பாதான் இதெல்லாம் கூடாதுன்னு கட்சிய விட்டே வந்துட்டாங்களேம்மா.”

பவானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அது கட்சி. இது வீடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்சா அந்த விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, அப்பா விடமாட்டார், அப்பா விடமாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கட்சியின் முதல் கூட்டம் தனசேகரன் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. தீர்மானத்தை எழுதிப் படித்தவன் மோகன். கம்ப்யூட்டர் கடையில் வேலை, பேச்சில் சூடு. அம்சா கதவோரம் நின்று கேட்டாள்.

“சம்பளமில்லாமல் சிறுமிகளை வீட்டில் வைத்து வேலை வாங்குவது அடிமைத்தனம். அப்படி வைத்திருக்கும் எவரும் இந்தக் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது.”

படித்து முடித்ததும் கைதட்டல் வரவில்லை. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் கொடி நிறத்தைப் பற்றி எதையோ ஆரம்பித்து நிறுத்தினார். அவர்களில் பலர் வீட்டிலும் விளக்குப் பிள்ளை உண்டு என்பது அப்போதுதான் அவர்களுக்கே ஞாபகம் வந்தது போலிருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் வாய் திறந்தார். “அப்படிப் போட்டா கட்சியில மோகனும் நாற்காலியும்தான் மிச்சம் இருக்கும் தனசேகரா.”

தனசேகரன் யோசித்தார். அவர் முகத்தில் வேதனை தெரிந்தது. அது உண்மையான வேதனைதான். பிறகு அது தெளிந்தது. “ஒரு வரி சேத்துக்கலாம். வெளக்கு முன்னால பொட்டு வச்சு மகளா ஏத்துக்கிட்ட புள்ளைங்க இதுல சேரமாட்டாங்க. அன்பா வச்சிருக்கறவங்களையும் அநியாயம் பண்றவங்களையும் ஒண்ணாப் பாக்க முடியாதில்ல?”

கூடத்தில் எல்லோரும் ஒருசேர மூச்சுவிட்டார்கள். “அதான் சரி”, “நியாயம்” என்ற குரல்கள். மோகன் மட்டும், “அண்ணே, பொட்டு வைக்காத வீடுன்னு ஒண்ணு காட்டுங்க பாப்போம்” என்றான். யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கைகள் உயர்ந்தன. கொஞ்சம் தாமதமாக மோகன் கையும் உயர்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“அப்ப இந்த நல்ல நாள்லயே நம்ம வீட்டுப் புள்ளைக்கும் பொட்டு வச்சிடலாமே. எல்லாரும் இருக்காங்க, சாட்சியாவும் ஆச்சு” என்று பவானி குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். தனசேகரன் தலையசைத்தார். “அம்சா! தங்கச்சியக் கூட்டிட்டு வாம்மா. குங்குமத்தையும் எடுத்துக்க.”

அம்சா உள்ளே போனாள். வர நேரமாயிற்று. வந்தபோது அனுவின் கையை ஒரு கையிலும் துணிப்பையை இன்னொரு கையிலும் பிடித்திருந்தாள். குங்குமம் இல்லை.

“என்னம்மா?” என்றார் தனசேகரன்.

அந்தக் கூடத்தில் அவள் டீ வேணுமா, காப்பி வேணுமா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

“அப்பா… நீங்க எதுக்கு அந்தக் கட்சிய விட்டு வந்தீங்க?”

“ஏன்மா இப்ப அது? அங்க அநியாயம் நடக்குதுன்னு வந்தேன்.”

“நானும் அதுக்குத்தாம்பா போறேன். அனுவும் எங்கூட வருது.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து அடக்கிக்கொண்டார்கள். பவானி பாய்ந்து வந்து பையைப் பிடித்தாள். “இத்தன பேருக்கு சமையல் யாருடி பண்ணுவா? சோறு போட்டு வளத்ததுக்கு இதானா?”

“விடு பவானி” என்றார் தனசேகரன். அவர் குரல் உடைந்திருந்தது. “அம்சா, நான் உன்ன எப்பவாவது வேலைக்காரின்னு சொல்லியிருக்கேனா? மகள்னுதானே சொன்னேன்? ஊரறிய, மண்டபத்துல, எல்லார் முன்னாலயும் சொன்னேனே.”

அம்சாவுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. “சொன்னீங்கப்பா. ரூபா அக்கா சிங்கப்பூர் போனப்ப ரெண்டு பேரும் சாப்பிடாமக் கெடந்தீங்க. தெனம் போன்ல அது மொகத்தப் பாத்துட்டுத்தான் தூங்குவீங்க. அது மக. மக போனா மகளத் தேடுவீங்க. வேலைக்காரி போனா வேற ஆளத் தேடுவீங்க. நான் எதுன்னு எனக்கே தெரியலப்பா. போனாத்தான் தெரியும்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். விளக்கில் திரி போட்டுத் தயாராக இருந்தது, ஏற்றவில்லை. அக்காவும் தங்கையும் முன்வாசல் வழியாகவே வெளியே போனார்கள்.

அனுவை ஊரில் அம்மா ஜெயம்மாவிடம் விட்டபோது அப்பன் கத்தினான். பள்ளிக்கூடத்துச் செலவு என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் அடங்கினான். அம்சா மிங்கலாடோனுக்கு வந்து பேக்டரியில் சேர்ந்தாள். நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த ஓர் அறையில் இடம் கிடைத்தது. நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. முதல் சம்பளத்தில் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே அவள் வாசலைப் பார்த்தாள்.

அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேக்டரி விட்டு வரும்போது வெள்ளைக் கார் எது நின்றாலும் உள்ளே யார் என்று எட்டிப் பார்ப்பாள். தனசேகரனுக்குத் தேடிப்பிடிப்பது கஷ்டமில்லை, மாவ்பிக்குப் போய்க் கேட்டால் இடம் சொல்வார்கள். வந்து, “எப்படிம்மா இருக்கே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும். திரும்பிப் போகமாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷத்துப் பாத்திரத்தையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தாள், பைத்தியக்காரி.

ஒரு சாயங்காலம் ஜெயம்மா போன் பண்ணினாள். “இன்னிக்கி ஒங்க தனசேகரன் ஐயா வந்துட்டுப் போனாரு.”

அம்சா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “நம்ம வீட்டுக்கா?”

“எல்லா வீட்டுக்குந்தான். தேர்தல்ல நிக்கிறாராமே. புதுக்கொடி கட்டின காரு. அடிமைத்தனத்த ஒழிக்கப்போறேன்னு மைக்குல பேசினாரு. நல்லா பேசினாருடி.”

“என்னப் பத்தி என்னம்மா கேட்டாங்க?”

ஜெயம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

“ஒன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு ஒரு புள்ள வேணும்னு கேட்டாரு. பக்கத்து வீட்டு நல்லையா மகளக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அது குஷியா சன்னலோரமா ஒக்காந்து, கொடியப் புடிச்சு ஆட்டிக்கிட்டே போச்சு.”

பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. மகளா வேலைக்காரியா என்பது அம்சாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி எந்தக் காரையும் பார்க்க வேண்டியதில்லை.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசும்மா?”

“நம்ம அனுவவிடச் சின்னது.”

“நல்லையா மாமாகிட்டச் சொல்லு. புள்ளையக் கூட்டியாந்தா படிக்க வைக்கிறதுக்கு நான் ஒதவறேன்னு சொல்லு. மாட்டேன்னு சொல்லாம இருக்கச் சொல்லு.”

“யாருடி கூட்டியாருவா? பெரிய மனுசன் வீட்லேர்ந்து?”

அம்சா போனைக் காதில் வைத்தபடியே பக்கத்துப் படுக்கைக்காரியிடம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தின்கன்ஜூனுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.